நோயாளர் தகவலும் தாதியர் அறமும்: வன்னிப் பெருநிலப்பரப்பை முன்வைத்து ஓர் அளவீட்டு நோக்கு

வைத்தியசாலை அளவைகள் நிறைந்த இடம். உடல் வெப்பம், நாடித்துடிப்பு, குருதியமுக்கம், உட்கொண்ட நீரின் அளவு, வெளியேறிய சிறுநீரின் அளவு என நோயாளரைப் பற்றிய யாவும் அங்கே மணிக்கணக்குப்படி அளக்கப்பட்டுப் பதியப்படுகின்றன. அளப்பவரும் பதிபவரும் பெரும்பாலும் தாதியரே. இவ்வாறு பிறரை அளந்து பெற்ற அறிவைத் தாதியர் எங்ஙனம் கையாளுகின்றனர் என்பதை அளத்தல் கூடுமா? கூடுமாயின் எக்கருவி கொண்டு அளப்பது? இவ்வினாக்களையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. அயல்நாடுகளில் இதன்பொருட்டு வினாக்கொத்துக்கள் பல வகுக்கப்பட்டுள்ளன. அவற்றை மொழிபெயர்த்துக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் அவ்வாறே பயன்படுத்துவோமாயின், அவை எதனை அளக்கும், எதனை அளக்காது விடும் என்பதே எமது முதன்மையான அக்கறையாகும்.

தகவல் என்றதும் நோயின் பெயரையே பலர் கருதுவர். தாதியர் அறிவது அதனினும் மிகப் பரந்தது. மருத்துவர் நாளொன்றுக்கு ஒருமுறையோ இருமுறையோ விடுதிக்கு வந்து செல்வர். தாதியரோ இரவும் பகலும் முறைவைத்து அங்கேயே இருப்பர். நோயாளரைக் காண வருபவர் யார், வராதிருப்பவர் யார். காய்ச்சல் வேகத்திற் பிதற்றிய பெயர் எது. உடம்பைத் துடைக்கும்போது தெரிந்த பழைய தழும்பு எத்தகையது. பிள்ளையின் தந்தை பெயரைக் கேட்டபோது தாய் ஏன் தயங்கினாள் – இவையெல்லாம் ரிக்கற்றில் எழுதப்படாதவை. ஆயினும் தாதியர் அறிந்தவை. எழுதப்பட்டதை அலுமாரியில் வைத்துப் பூட்டலாம். எழுதப்படாததைக் காப்பது அவரது நா ஒன்றே.

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக்குறள் (950) மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்பவற்றோடு, உடனிருந்து பணிசெய்வோராகிய உழைச்செல்வானையும் ஒரு கூறாக அது கொள்கின்றது. பணியாளர் என்று ஒதுக்காமல் மருத்துவத்தின் காற்பங்கினராகத் தாதியரை வைத்த இந்நோக்குப் போற்றற்குரியது. இக்குறளுக்கு உரைவகுத்த பரிமேலழகர் ஒவ்வொரு கூற்றுக்கும் உரிய பண்புகளை எடுத்துரைக்கின்றார். உழைச்செல்வானுக்கு நோயாளன்மாட்டு அன்பும் மனமொழிமெய்களின் தூய்மையும் வேண்டும் என்கின்றார். மறைகாத்தல் என்று தனியே ஒரு பண்பு கூறப்படவில்லையாயினும், மொழித் தூய்மையுள் அது அடங்கும் எனக் கொள்ளுதல் தவறாகாது. இதனினும் எமது கருத்தைக் கவர்வது, நோயுற்றவர்க்கு அவர் வேண்டும் பண்புகளுள் தம் நோய்நிலையை உணர்த்தும் வன்மையும் ஒன்றாக இருத்தலாகும். நோயாளர் உள்ளதை உள்ளவாறு சொல்லாவிடின் மருத்துவம் நடைபெறாது. சொன்னது வெளியே போகும் என்ற ஐயம் உள்ளவிடத்து எவரும் உள்ளதைச் சொல்லார். எனவே மறைகாத்தலை நல்லொழுக்கம் பற்றிய அணிகலனாக மாத்திரம் கருதுதல் போதாது. நோயறிதற்கு அது ஒரு கருவியுமாகும்.

தற்காலத் தாதியத்தில் இக்கடமை உறுதிமொழியாக உருப்பெற்றது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலாகும். அமெரிக்காவின் டெற்றோயிற் நகரிலிருந்த பராண்ட் தாதியர் பயிற்சிப் பாடசாலையில் 1893இல் யாக்கப்பட்ட உறுதிமொழி நைற்றிங்கேலின் பெயரால் வழங்கலாயிற்று. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அதனை இயற்றினாரல்லர். பணியின்போது அறியவரும் குடும்பச் செய்திகளையும் வெளியிடாது காத்தல் அதன் ஒரு கூறு. அனைத்துலகத் தாதியர் பேரவை 1953இல் தனது ஒழுக்கக்கோவையை ஏற்றுக்கொண்டது. அது பன்முறை திருத்தப்பட்டு, 2021இல் வெளிவந்த பதிப்பிலே இலத்திரனியற் பதிவுகளும் சமூக ஊடகங்களும் பற்றிய கவனமும் இடம்பெற்றது. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் தாதியர் பேரவையை நிறுவியது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை அவரது எழுத்துமூல இசைவின்றி வெளியிடுதலை விலக்களித்துள்ளது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவுகளைச் சிறப்புக் காப்புக்குரிய வகையுள் வைத்தது. மறுபுறத்தில், 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் சட்டத்தரணிக்கும் அவர் கட்சிக்காரருக்கும் இடைப்பட்ட உரையாடலுக்கு அளித்த காப்பை மருத்துவர்க்கோ தாதியர்க்கோ அளிக்கவில்லை. நீதிமன்றம் கேட்குமாயின் சொல்லியே ஆகவேண்டும். தொற்றுநோய்களை அறிவித்தலும் 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் வழியாகக் கட்டாயமாயிற்று. விடுதிகளில் ‘544’ என்ற இலக்கத்தாலேயே அறியப்படும் படிவம் இதன்பொருட்டு நிரப்பப்படுவது.

இவற்றினின்றும் ஒன்று தெளிவாகின்றது. நோயாளர் தகவலை அறத்தோடு கையாளுதல் என்பது வாய்மூடியிருத்தல் அன்று. முறைமாறி வரும் அடுத்த தாதியர்க்கு முழுமையாகச் சொல்லவேண்டும், நோயாளர் தம்மைப் பற்றிக் கேட்கும்போது அவர்க்குரியதை அவர்க்கு மறைத்தலாகாது, சட்டம் கேட்குமிடத்துக் கேட்ட அளவே கொடுக்கவேண்டும், ஏனையோர்க்குக் கொடுத்தலாகாது. யாருக்கு, எதனை, எவ்வளவு, எப்பொழுது என்ற நான்கினையும் ஒருங்கே தீர்மானித்தலே இங்கு அறமாகின்றது. வள்ளுவர் கயமை அதிகாரத்திலே தாம் கேட்ட மறைகளைப் பிறர்க்குக் கொண்டு சென்று உரைக்கும் கயவரை அறையப்படும் பறைக்கு ஒப்பிட்டார். தாதியர் பறையாதலும் ஆகாது, கல்லாதலும் ஆகாது. அளவுகோல் ஒன்றை அமைப்போர் முதலில் நினைவிற் கொள்ளவேண்டுவது இதுவே. மௌனத்துக்கு மாத்திரம் புள்ளி வழங்கும் அளவுகோல் பிழையானது.

இனி வன்னியின் நிலையை நோக்குவோம். 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009ஆம் ஆண்டின் முற்பாதியிலும் போர் கிழக்கு நோக்கி நெருங்க நெருங்க, வைத்தியசாலைகளும் இடம்பெயர்ந்தன. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என அவை நகர்ந்த வழி இன்று வரலாறாகிவிட்டது. பாடசாலைக் கட்டடங்களும் தறப்பாள் கொட்டில்களும் விடுதிகளாயின. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை 2009 பெப்ரவரித் தொடக்கத்தில் எறிகணை வீச்சுக்குள்ளாகிப் பின் கைவிடப்பட்டது. அம்மாதம் முதல் மே முற்பகுதி வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் அனைத்துலகக் குழு காயமுற்றோரையும் நோயுற்றோரையும் அவர்தம் துணைக்கு வந்தோரையுமாகப் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல்வழியே திருகோணமலைப் பக்கத்துக்குக் கொண்டு சென்றது. தரைவழியாக வந்தோர் வவுனியா வைத்தியசாலையை நிறைத்தனர். படுக்கைகளின் எண்ணிக்கையை நோயாளரின் தொகை பன்மடங்கு விஞ்சிற்று. பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்கள். அவை 2012 செப்தெம்பரில் மூடப்பட்டன.

இந்நிகழ்ச்சிகளை ஈண்டு எடுத்துரைப்பதன் நோக்கம், நோயாளர் தகவல் என்பதன் பொருளையே அவை மாற்றிவிட்டன என்று காட்டுதலாகும். வேறொரு நாட்டிலே கால் இழந்த ஒருவரின் ரிக்கற்றில் ‘வெடிகாயம்’ என்றிருப்பது வெறும் மருத்துவக் குறிப்பு. வன்னியில் அச்சொல்லை வாசிப்பவர் அதன் பின்னால் எந்த இடம், எந்த நாள், எந்தப் பக்கம் என்ற வினாக்களையும் வாசிக்கின்றார். போரின் முடிவில் ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டு, பின்னர் படிப்படியாக விடுவிக்கப்பட்டனர். அவர்களுட் பலர் மணம் முடித்து, தொழில் செய்து, அயலவர் அறியாத ஒரு பழங்காலத்தோடு வாழ்கின்றனர். எக்ஸ்-கதிர்ப் படத்திலே தெரியும் ஓர் உலோகத் துண்டு அவர்களது வாழ்க்கைக் குறிப்பாக வாசிக்கப்படலாம். எறிகணைத் துண்டுகள் பொதுமக்களின் உடல்களிலும் எண்ணற்றவை உண்டென்பதை வாசிப்பவர் மறந்துவிடுவதும் உண்டு. இத்தகைய நிலத்தில் ஒரு தாதியரின் சொற்சோர்வு நோயாளரின் மானத்தை மட்டுமன்றி, அவரது திருமணத்தையும் தொழிலையும், சிலவேளை விடுதலையையும் பாதிக்கக்கூடியது.

தொகைத் தகவலும் பாரதூரமானதே. போரின் இறுதி மாதங்களில் வன்னியில் பணியாற்றிய அரசாங்க மருத்துவர்கள் காயமுற்றோர், இறந்தோர் பற்றிய எண்களை வெளியுலகுக்குத் தெரிவித்தனர். அவர்கள் 2009 மே மாதத்திலே தடுத்துவைக்கப்பட்டனர். அவ்வாண்டு யூலை 8ஆம் நாள், காவலில் இருந்த நிலையிலேயே, மருத்துவர் ஐவர் கொழும்பில் ஊடகவியலாளர் முன் தோன்றித் தாம் முன்னர் கூறிய எண்கள் மிகைப்படுத்தப்பட்டவை எனக் கூறினர். ஒரு நோயாளரின் பெயரைக்கூட வெளியிடாது மொத்த எண்ணை மாத்திரம் சொன்னவர்க்கும் இது நேர்ந்தது. இதைக் கண்ட தாதியர் ஒருவர், எண்ணும் சொல்லாதிருத்தலே காப்பு எனக் கருதுவாராயின் அவரைக் குறைகூறுவது எங்ஙனம்? உள்நாட்டுப் போர்கள் பற்றிய 1977ஆம் ஆண்டின் இரண்டாம் மேலதிக நெறிமுறை, காயமுற்றோர் பற்றிய தகவலைத் தர மறுத்தமைக்காக மருத்துவப் பணியாளரைத் தண்டித்தலாகாது என, நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட வகையில், விதிக்கின்றது. இலங்கை அந்நெறிமுறையில் இணையவில்லை.

அன்றாட நிலைமைகளும் எண்ணத்தக்கன. பெரும்பாலான விடுதிகள் நீண்ட மண்டபங்கள். ஒரு கட்டிலில் கேட்கும் வினாவுக்கு அயற்கட்டில்காரரும் காதுகொடுப்பர். தாதியரும் நோயாளரும் ஒரே ஊரவராகவோ, சுற்றி வந்தால் உறவினராகவோ இருத்தல் இயல்பு. யாருடைய மகள், எந்த முகாமில் இருந்தவர் என்று அறியாமலே ஒருவரைப் பராமரித்தல் அங்கு அரிது. தென்னிலங்கையிலிருந்து நியமனம் பெற்றுவரும் தாதியர்க்குத் தமிழ் போதாதவிடத்து, நோயாளரின் பிள்ளையோ அயற்கட்டிலிற் படுத்திருப்பவரோ சிற்றூழியரோ மொழிபெயர்ப்பாளராகின்றனர். மாதவிலக்கைப் பற்றிய வினாவைத் தாயிடம் மகன் மொழிபெயர்த்துக் கேட்க நேரும்போது மறைகாத்தல் என்ற சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சும்? அத்தாய் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடுவாள். ரிக்கற்றிலும் அதுவே எழுதப்படும். இது தாதியரின் ஒழுக்கக் குறைவு அன்று. எனினும் அவ்வொழுக்கத்தை அளக்கப்புகும் கருவி இதனையும் கண்டுகொள்ளல் வேண்டும்.

இந்நிலத்துக்குரிய கருவியை அமைத்தற்கு முன், உலகிலுள்ள கருவிகளின் இயல்பைச் சுருக்கமாக நோக்குதல் தகும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் றெஸ்ற் அறநடத்தையை நான்கு படிகளாகப் பகுத்தார்: இங்கு ஓர் அறச்சிக்கல் உண்டு என உணர்தல், எது சரியென முடிவுசெய்தல், அதற்கு ஏனைய நலன்களிலும் முதன்மை அளித்தல், அதனைச் செய்துமுடிக்கும் உறுதி. அவரது பெயர்பெற்ற சோதனை (1979) இவற்றுள் இரண்டாவதையே பெரிதும் அளந்தது. இதனை அடியொற்றி பற்றீசியா கிறிஷம் 1981இல் தாதியர்க்கெனச் சிக்கற் சூழல்களைக் கொண்ட சோதனையொன்றை வகுத்தார். அடுத்துவந்தவை பெரும்பாலும் ஐந்துபடி விடைகளைக் கொண்ட வினாக்கொத்துக்கள். ‘எப்பொழுதும்’ முதல் ‘ஒருபோதும் இல்லை’ வரை குறியிடுவன. வல்லுநர் சிலர் வினாக்களைப் பொருத்தம் பார்ப்பர். சிறு குழுவொன்றில் முன்னோட்டம் நடைபெறும். வினாக்கள் ஒன்றோடொன்று இசைகின்றனவா என்பது குறொன்பாக்கின் அல்பா என்னும் கெழுவினாற் கணிக்கப்படும். அல்பா உயர்ந்திருந்தால் கருவி நம்பகமானது என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அது சொல்வது, விடையளித்தவர்கள் எல்லா வினாக்களுக்கும் ஒரே போக்கில் விடையளித்தனர் என்பதையே. எல்லோரும் ஒரே போக்கில் தம்மை நல்லவராகக் காட்டிக்கொண்டாலும் அல்பா உயர்ந்தே நிற்கும்.

சொல்லும் செயலும் வேறுபடுதலை 1934இலேயே லாபியர் என்னும் சமூகவியலாளர் எடுத்துக்காட்டினார். சீன இணையர் ஒருவரோடு அவர் அமெரிக்காவிற் பயணஞ்செய்து 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் சென்றார். ஓரிடத்திலே மாத்திரம் இடம் மறுக்கப்பட்டது. பின்னர் கடிதம் எழுதிக் கேட்டபோது, விடையளித்தோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் சீனரை ஏற்கமாட்டோம் என்றனர். அங்கே சொல்லினும் செயல் மேலாயிருந்தது. நாம் கொண்ட பொருளில் நிலைமை தலைகீழாகும் என எதிர்பார்க்கலாம். 1995இல் வெளியான ஆய்வொன்றில், பென்சில்வேனியாவின் ஐந்து வைத்தியசாலைகளில் ஆய்வாளர்கள் மின்னுயர்த்திகளில் ஏறி இறங்கி, பணியாளர் பேசுவதைக் கேட்டனர். 259 பயணங்களுள் 36இல் தகாத பேச்சுக் கேட்டது. நோயாளரின் மறை வெளிப்படுதல் அவற்றுட் பெரும்பங்கினது. அப்பணியாளர்களுக்கு வினாக்கொத்தைக் கொடுத்திருப்பின் ‘பொதுவிடத்தில் நோயாளரைப் பற்றிப் பேசுவதில்லை’ என்ற கூற்றுக்கு எத்தனைபேர் ‘எப்பொழுதும்’ என்று குறியிட்டிருப்பர் என்பது ஊகிக்கத்தக்கதே.

வன்னியில் மின்னுயர்த்தியை நாடவேண்டியதில்லை. மருந்து வழங்குமிடத்து வரிசை, வைத்தியசாலைச் சிற்றுண்டிச்சாலை, முறை முடிந்து வீடுசெல்லும் பேருந்து என்பன உள. ஆயினும் மறைந்திருந்து கேட்கும் முறையை அங்கே பரிந்துரைக்க நாம் விரும்பவில்லை. நீண்டகாலம் கண்காணிப்பின்கீழ் வாழ்ந்த சமூகத்திலே, யாரோ ஒருவர் குறிப்பேட்டோடு நின்று பேச்சைக் கேட்டெழுதுகின்றார் என்பது ஆய்வாக விளங்கிக்கொள்ளப்படமாட்டாது. அவ்வாறு விளங்காமைக்கு நியாயமும் உண்டு.

ஆகவே வினாவும் விடையுமே எஞ்சுகின்றன. வினாக்கள் அந்நிலத்தினின்றும் எழவேண்டும். ‘கணினித் திரையை அணைத்துவிட்டு எழுந்து செல்கின்றேன்’ என்பது பிறநாட்டு வினாக்கொத்துக்களிற் காணப்படும் கூற்று. கையால் எழுதப்பட்ட ரிக்கற் பயன்படும் விடுதியில் அது எதனையும் அளக்காது. அதற்கீடாக நாம் கருதும் சூழல்கள் சிலவற்றைக் கூறுவோம். அலரி விதை உண்டு சேர்க்கப்பட்ட பாடசாலை மாணவி ஒருத்தியைப் பற்றி அவளது ஆசிரியை தொலைபேசியில் அன்போடு விசாரிக்கின்றார். கருவுற்ற பெண்ணின் கால் தழும்பு எப்படி வந்தது என மாமியார் கேட்கின்றார். சிறப்பு வைத்திய நிபுணருக்கு விரைவாக அனுப்புதற்காகத் தாதியர் ஒருவர் ரிக்கற்றைத் தம் கைத்தொலைபேசியிற் படமெடுக்கின்றார். படம் அனுப்பப்பட்டபின்னும் தொலைபேசியிலேயே கிடக்கின்றது. இவற்றுக்கு ஒரே சரியான விடை இல்லாதிருத்தலும் கூடும். விடையைவிட அதற்குக் காட்டும் காரணமே மதிப்பிடத்தக்கது.

இச்சூழல்களுள் ஒன்றைச் சிறிது விரித்துரைக்க வேண்டியுள்ளது. சாதாரண உடையில் வந்த ஒருவர், தாம் ஓர் அலுவலகத்திலிருந்து வருவதாகக் கூறி, 14ஆம் கட்டிலில் இருப்பவர் யார், அவரைப் பார்க்க யார் யார் வந்தனர் எனக் கேட்கின்றார். எழுத்துமூலக் கட்டளை எதுவும் அவரிடம் இல்லை. தாதியர் யாது செய்வார்? இனி இன்னொரு சூழல். 2009இல் காயமுற்றுக் கப்பலில் ஏற்றப்பட்ட தன் மகனைத் தேடும் தாய் ஒருத்தி, பழைய அனுமதிப் பதிவேட்டில் அவன் பெயர் உண்டா என்று பார்த்துச் சொல்லுமாறு கேட்கின்றாள். 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய தொடர் போராட்டத்தை அறிந்தவர்க்கு இத்தாய் கற்பனையாகத் தோன்றமாட்டாள். இரு சூழலிலும் கேட்கப்படுவது ஒரு நோயாளரைப் பற்றிய தகவலே. இரு சூழலிலும் தாதியர் தாமாக முடிவெடுக்காது, முறைப்படி மேலிடத்துக்கு அனுப்பவேண்டும் எனலாம். ஆனால் முதலாமவர்க்கு உடனே விடையளித்து, இரண்டாமவரை ‘அது இரகசியம்’ என்று திருப்பியனுப்பும் ஒருவரின் மௌனம் நோயாளரைக் காக்கவில்லை. கேட்பவரின் தரத்தையே அது அளந்து நிற்கின்றது. தாயின் கோரிக்கைக்குரிய வழி உண்டு: வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் விண்ணப்பித்தல், 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை நாடுதல் என்பன. அவ்வழியை எடுத்துச் சொல்லுதலும் தகவலைக் கையாளும் அறத்தின் பாற்பட்டதே. அவ்வலுவலகத்தின் செயற்பாட்டிலே உறவினர் பலர் நம்பிக்கை இழந்திருப்பது வேறொரு பொருள்.

இதிலிருந்தே எமது முதன்மை முன்மொழிவு பிறக்கின்றது. ஒரே தகவலைக் கேட்கும் ஒரே சூழலை இரண்டு வடிவங்களில் எழுதுதல் வேண்டும். கேட்பவர் மாத்திரம் மாறவேண்டும். ஒரு வடிவத்தில் அதிகாரமுடையவர், மற்றதில் அதிகாரமற்றவர். இருவர்க்கும் அத்தகவலைப் பெறும் உரிமை சமமாக இருக்கவேண்டும், அதாவது இருவர்க்கும் இல்லாதிருக்கவேண்டும். ஒவ்வொரு தாதியர்க்கும் ஒரு வடிவமே கிடைக்குமாறு திருவுளச்சீட்டு முறையில் வினாத்தாள்களைக் கலந்து வழங்கவேண்டும். இரண்டையும் ஒருவர்க்கே கொடுத்தால் அவர் ஆய்வின் நோக்கத்தை உணர்ந்து விடைகளைச் சமன்செய்துவிடுவார். பின்னர் இரு குழுவினரின் விடைகளையும் ஒப்பிட்டால், அதிகாரத்துக்குக் கொடுத்தவர் விகிதத்துக்கும் மற்றவர்க்குக் கொடுத்தவர் விகிதத்துக்கும் உள்ள வேறுபாடு கிடைக்கும். அவ்வேறுபாடே அச்சத்தின் அளவு. அது சுழியை அணுகுமாயின் மௌனம் அறத்தின்பாற்பட்டது எனத் துணியலாம். வேறுபாடு பெரிதாயின், மொத்தப் புள்ளி எவ்வளவு உயர்ந்திருப்பினும் மகிழ்தற்கில்லை. இவ்வளவு தனியொரு தாதியரைச் சுட்டாமல் வைத்தியசாலையின் நிலையையே சுட்டுகின்றது என்பதும் கவனிக்கத்தக்கது.

தனியொருவரைச் சுட்டாமை இங்கு மிக வேண்டப்படுவது. வன்னியின் வைத்தியசாலைகளிற் பணியாற்றும் தாதியரின் தொகை பெரிதன்று. வயது, பால், பணியாற்றும் விடுதி, சேவைக்காலம் என்ற நான்கும் வினாத்தாளின் முதற்பக்கத்தில் இருந்தாற் போதும், பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுகொள்ளலாம். நோயாளரின் மறையைக் காக்கின்றாரா என்று தாதியரைக் கேட்கும் ஆய்வு, தாதியரின் மறையைக் காவாது விடுமாயின் அதனினும் நகைப்புக்குரியது பிறிதில்லை. ஆதலின் முதற்பக்க வினாக்களை இயன்றவரை குறைத்தல் வேண்டும். நிரம்பிய வினாத்தாள்கள் வைத்தியசாலை நிருவாகத்தின் கையிற் சேராதிருத்தல் வேண்டும்.

‘கடந்த மாதத்தில் நோயாளர் ஒருவரின் செய்தியை உரிமையற்ற ஒருவரிடம் சொன்னீரா?’ என்பது போன்ற நேர்வினாக்களுக்கு உண்மைவிடை பெறும் வழியொன்றை வோணர் என்னும் புள்ளிவிவரவியலாளர் 1965இல் வகுத்தார். அவர் சுழலும் முள்ளொன்றைப் பயன்படுத்தினார். பின்வந்தோர் நாணயத்தைக் கொண்டே அதனை எளிதாக்கினர். தாதியர் தனியிடத்தில் நாணயத்தைச் சுண்டுவார். தலை விழுந்தால், உண்மை எதுவாயினும், ‘ஆம்’ என்று குறியிடவேண்டும். பூ விழுந்தால் உள்ளதைக் குறியிடவேண்டும். தாளில் ‘ஆம்’ என்றிருப்பினும் அது நாணயத்தின் சொல்லா தாதியரின் சொல்லா என எவராலும் அறியமுடியாது. ஆனால் தொகையை அறியலாம். ஒரு கற்பனைக் கணக்கு: 120 தாதியர் விடையளித்து, 78 ‘ஆம்’ கிடைத்ததெனக் கொள்வோம். அவற்றுள் ஏறத்தாழ 60 நாணயத்தால் வந்தவை. எஞ்சிய 18, பூ விழுந்த 60 பேரிடமிருந்து வந்தவை. எனவே நூற்றுக்கு 30 பேர் அவ்வாறு சொல்லியுள்ளனர் என்பது மதிப்பீடு.

இம்முறைக்கு ஒரு விலை உண்டு. நாணயம் கலந்த குழப்பத்தால் மதிப்பீட்டின் திட்பம் குறைகின்றது. மேற்படி கணக்கில் 30 என்பது 13 முதல் 47 வரை எங்கும் இருக்கலாம். இவ்வீச்சைப் பாதியாக்குவதற்கு 480 பேரிடம் வினவவேண்டும். அதற்கு மூன்று மாவட்டங்களையும் சேர்த்தே ஆய்வு நடத்தவேண்டிவரும். மாவட்ட வைத்தியசாலைகளைத் தனித்தனியே ஒப்பிட்டு ‘எது முதலிடம்’ என வரிசைப்படுத்தும் ஆசையை இக்கணக்கே தடுத்துவிடுகின்றது. அது நல்லதென்றே கருதுகின்றோம். வரிசைப்படுத்தப்படும் எனத் தெரிந்தால், அடுத்தமுறை எல்லா விடைகளும் செம்மையாகிவிடும்.

தாதியரிடம் கேட்டது போதாது, நோயாளரிடமும் கேட்டல் வேண்டும். தாதியர் பேசினரா என்று நோயாளரைக் கேட்பது பயனற்றது. தம்மைப் பற்றிப் பிறரிடம் பேசப்பட்டதை அவர் பெரும்பாலும் அறியார். கேட்கவேண்டிய வினா வேறு. வீடு திரும்பிச் சில நாட்களின்பின், ‘வைத்தியசாலையில் இருந்தபோது சொல்லாமல் விட்டது ஏதேனும் உண்டா?’ என்று கேட்கவேண்டும். என்ன விட்டார் என்று கேட்டலாகாது. உண்டு என்றால், சொல்லாமைக்குக் காரணம் அயற்கட்டிலா, மொழிபெயர்த்தவரா, உறவினரா, தாதியரா, ரிக்கற்றில் எழுதப்படும் என்ற அச்சமா என்பதை மாத்திரம் அறிதல் போதும். பரிமேலழகர் நோயாளரிடத்து வேண்டிய, நோய்நிலை உணர்த்தும் வன்மை எவ்விடத்திற் குன்றுகின்றது என்பதற்கு இதனினும் நேரான சான்று இல்லை. மேலும் கட்டடத்தின் குறையையும் மொழியின் குறையையும் தாதியரின் கணக்கிற் சேர்த்துவிடாது பிரித்தறிய இது உதவும். திரைச்சீலை ஒன்றாலும் மொழிபெயர்ப்பாளர் ஒருவராலும் தீரக்கூடியதற்கு ஒழுக்கப் பயிற்சிநெறி நடத்துதல் வீண்செலவாகும்.

இறுதியாகச் சொற்கள் பற்றி ஒன்று. இவ்வினாக்கொத்துத் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டப்படுவது. ‘இரகசியம்’ என்னும் சொல்லை இரு மொழியினரும் வடமொழி வழியாகவே பெற்றுள்ளனர். ஆயினும் வன்னிப் பேச்சுவழக்கில் அச்சொல்லுக்கு மறைக்கத்தக்க குற்றம் ஒன்று உண்டு என்ற சாயல் படிந்துள்ளது. நோயாளருக்கு இரகசியம் உண்டு என்றால், அவர் ஏதோ செய்தவர் போலும் என்று கேட்பவர்க்குத் தோன்றும். ‘அந்தரங்கம்’ பெண்ணுடல் பற்றியதாகவே பெரிதும் விளங்கிக்கொள்ளப்படும். ‘தனியுரிமை’ சட்டநூற்சொல், விடுதியில் அது வழங்குவதில்லை. இவற்றுள் எதனைப் பெய்தாலும் வினா சாய்ந்துவிடுகின்றது, ‘இரகசியம் காப்பீரா?’ என்றால் ‘ஆம்’ என்பதன்றி வேறு விடை வராது. ‘வேலை முடிந்து வீட்டுக்குப் போனபின், விடுதியிற் கண்டதை வீட்டாரோடு கதைப்பதுண்டா?’ என்று கேட்டாற் சிலரேனும் சற்றுச் சிந்திப்பர். வவுனியாவிலுள்ள தாதியர் பயிற்சிக் கல்லூரியின் மாணவரிடையே இவ்விரு வகை வினாக்களையும் முதலில் வழங்கி, எதற்கு விடைகள் விரிந்து பரவுகின்றன என்று பார்த்தபின்பே, வைத்தியசாலை விடுதிகளுக்குள் வினாத்தாளைக் கொண்டுசெல்லுதல் தகும்.